எல்லோரும் சிகரெட்டை விட்டுவிட்ட நாடு

மறுபடியும் அந்தப் பாட்டி வந்துவிட்டார். ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்கென்று இந்த வாரம் கைமாறிக்கொண்டிருக்கும் மாதிரி விடைக் கட்டில், சிறுவயதில் போன இடம், மறக்க முடியாத மனிதர், பிடித்த பண்டிகை என்று தலைப்பு எதுவானாலும் சரி, பாட்டி 'யூஸ்டு டு' போட்டுக் கதை சொல்கிறார், தாத்தா 'யூஸ்டு டு' போட்டுத் தோளில் தூக்குகிறார், கொல்லை மாமரம் 'யூஸ்டு டு' போட்டுக் காய்க்கிறது. கடைசி வரை ஒன்றுமே நடப்பதில்லை. பாட்டியின் பேரில் எனக்குக் கோபமில்லை. முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்வதற்கென்று ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு சின்ன ஏற்பாட்டை எடுத்து, சுயகதை எழுத இதுதான் வழி என்று பிள்ளைகள் தலையில் கட்டியவர்கள் பேரில்தான் கோபம். கதைக்கு முன்னால் மேடை போடத்தான் அந்த இலக்கணம் உதவும். மேடையையே நாடகம் என்று விற்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த வியாதியின் ஊற்றைப் பார்க்க வேண்டுமானால், இலக்கணப் பயிற்சிப் புத்தகங்களில் குடியிருக்கும் ஜனங்களைப் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் எல்லோரும் சிகரெட்டை விட்டுவிட்டவர்கள். ஒருவராவது இன்னும் புகைத்தால் பயிற்சியே பாழ். எல்லோருக்கும் முன்பு நீளமான முடி இருந்தது, இப்போது வெட்டியாயிற்று. எல்லோரும் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுக் கார் வாங்கியிருக்கிறார்கள். டென்னிஸ் ஆடியவர் ஆடுவதில்லை, பியானோ வாசித்தவர் வாசிப்பதில்லை, காபி குடித்தவர் டீக்கு மாறிவிட்டார், டீ குடித்தவர் காபிக்கு. தெருமுனையில் இருந்த சினிமா தியேட்டர் சூப்பர் மார்க்கெட் ஆகிவிட்டது. தியேட்டராகவே நீடித்த தியேட்டர் அந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே பெட்டிக்கடை வைத்திருப்பவர் எதை விற்றுப் பிழைப்பார்? பியானோ ரிப்பேர்காரர் குடும்பம் என்ன ஆயிற்று? இத்தனை பேர் ஒரே மூச்சில் இத்தனையையும் துறந்ததற்குக் காரணம் ஞானம் அல்ல. 'யூஸ்டு டு' என்றால் பெரும்பாலும் 'முன்பு உண்டு, இப்போது இல்லை' என்று பொருள், அவ்வளவுதான். நம் பிள்ளைகளோ நடப்பு வழக்கத்துக்கும் அதையே போட்டு, தினமும் ஐந்து மணிக்கு எழுவதை 'ஐ யூஸ்டு டு கெட் அப்' என்கிறார்கள். ஆங்கிலக் காதுக்கு அந்தப் பையன் எழுந்திருப்பதையே நிறுத்திவிட்டான். பாட்டி கதை சொன்ன கதியும் இதுதான். ஏன் நிறுத்தினார்? காலமாகிவிட்டாரா, பல்செட் தொலைந்துவிட்டதா, சீரியலில் உட்கார்ந்துவிட்டாரா? எதிரில் இருக்கும் தேர்வாளர் துக்கம் விசாரிக்கலாமா கூடாதா என்று தவிக்கிறார். விடை எழுதியவர் அதற்குள் மாமரத்துக்குப் போய்விட்டார். அந்த மரமும் இப்போது காய்ப்பதில்லையாம்.

பழைய வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னொரு வழியும் உண்டு: 'வுட்'. தமிழருக்கு இது கைவந்த விஷயமாக இருந்திருக்க வேண்டும். 'லீவு விட்டால் ஆற்றுக்குப் போவோம், மத்தியானம்தான் திரும்புவோம்' என்று போன காலத்தை எதிர்கால வினையால் சொல்லி எத்தனையோ நூற்றாண்டாகப் பழகியவர்கள் நாம். முன்னொரு காலத்தில் ஒரு பொழிலில் விளையாடியதை எதிர்கால வினையால் சொல்லலாம் என்று தொல்காப்பிய உரையாசிரியர்களே உதாரணம் காட்டி அனுமதித்திருக்கிறார்கள். ஆங்கிலக்காரர் செய்ததும் ஏறக்குறைய அதேதான். 'வில்' என்பதன் இறந்தகால வடிவத்தைப் பழைய வழக்கத்துக்கு வைத்துக்கொண்டார். ஒரே ஒரு சிக்கல். நம் ஊரில் வாசலில் வேப்பமரமும் 'இருக்கும்'. ஆங்கில 'வுட்' செயலுக்கு மட்டும். இருந்தது, பிடித்தது, தெரிந்தது, குடியிருந்தது போன்ற நிலைகளுக்கு அதை விடமாட்டார்கள். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரப் பயிற்சி மிச்சம். அதைச் சொல்லாமல், 'யூஸ்டு டு'வுக்குப் பின் வெறும் வினை, 'ஆம் யூஸ்டு டு'வுக்குப் பின் 'இங்' என்று அட்டவணை போட்டுக் குழப்புவதில்தான் எல்லோருக்கும் ஆசை. எதிர்மறையில் 'டிட்' வந்ததும் 'யூஸ்டு' தன் 'டி'யை ஏன் தொலைக்கிறது என்றும் விளக்க வேண்டும், அது பிறகு.

கதைக்கு முன்னால் மேடை எவ்வளவு போதும் என்பதற்கு நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் எழுதிய, பர்மாவில் யானை சுட்ட கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மௌல்மேனில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியை ஜனங்கள் எப்படியெல்லாம் வெறுப்பேற்றுவார்கள், ஃபுட்பால் மைதானத்தில் எப்படிக் கால் இடறி விடுவார்கள் என்று வழக்கத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறார். ஆனால் இரண்டு பத்திக்குமேல் அவருக்குப் பொறுமை இல்லை. ஒரு நாள் காலையில் டெலிபோன் வருகிறது, பஜாரில் யானை மதம் பிடித்துத் திரிகிறது, கட்டுரை எழுந்து நடக்கத் தொடங்குகிறது. ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' (1935) அந்த இரண்டு பத்திகூடக் காத்திருக்கவில்லை. முதல் வரியிலேயே திங்கட்கிழமை காலை, பையனுக்குக் கண்ணைத் திறக்க மனமில்லை. 'சுவாமி திங்கட்கிழமைகளில் சோம்பலாக இருப்பது வழக்கம்' என்று தொடங்கியிருந்தால் அதுவும் இலக்கணப்படி சரிதான். யார் படித்திருப்பார்கள்?

'யூஸ்டு டு'வுக்குத்தானே மார்க் போடுகிறார்கள் என்பார்கள் கோச்சிங்காரர்கள். பாதி உண்மை. அந்தத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசிக்கத் தருவார்கள், ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும் ஒன்று. வீச்சு என்றால் பலவகை. ஒரே உருப்படியைப் பத்துத் தடவை போட்டால் அது வீச்சு அல்ல, விக்கல். மற்ற மூன்றில் ஒன்று சரளமும் கோர்வையும். பாட்டியிலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து குளத்துக்கும் தாவுவதில் கோர்வை எங்கிருந்து வரும்? சிறுவயது என்பதே திரும்பத் திரும்ப நடந்த சமாசாரம்தானே என்று வேறு சிலர் கேட்பார்கள். உண்மைதான், அதனால்தான் இவர் சிறுவயதும் அவர் சிறுவயதும் காகிதத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. பாட்டி கதை சொன்ன ஆயிரம் ராத்திரி எல்லா வீட்டுக்கும் பொது. பாட்டி கதையைப் பாதியில் மறந்துபோய், முடிவைப் பேத்தியிடமே கேட்ட ராத்திரி ஒரு வீட்டுக்குத்தான் சொந்தம்.

கொஞ்சம் படித்த ஆட்கள் இன்னும் பெரிய ஆயுதத்தை எடுப்பார்கள்: பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்ட். 1913இல் முதல் பாகம் வந்த அவருடைய மாபெரும் நாவலில் பக்கம் பக்கமாக வழக்கம்தான். ஸ்காட் மான்கிரீஃபின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் வாக்கியத்திலேயே 'யூஸ்டு டு' உட்கார்ந்திருக்கிறது. பலமுறை நடந்ததை ஒருமுறை சொல்லும் இந்த முறைக்கு இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெட் 1972இல் தனிப் பெயரே வைத்து ஆராய்ந்தார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலில் கதைசொல்லியின் சிறுவயது ஊரான கோம்ப்ரே முழுவதும் அவர் நினைவுக்கு எப்படித் திரும்பி வருகிறது? ஒரு குளிர்கால நாளில், அம்மா கொடுத்த டீயில் நனைத்த ஒரு துண்டு கேக்கைத் தின்றதால். தினமும் தின்றதால் அல்ல, அந்த ஒரு நாள். ப்ரூஸ்டுக்கே அந்த நாள் தேவைப்பட்டது, ஐஈஎல்டிஎஸ்ஸில் 'பேண்ட் ஏழு' மதிப்பெண் வாங்கக் கிளம்பியவருக்கு வேண்டாமாம். பிறகு என்று தள்ளிவைத்தேனே, 'யூஸ்டு'வின் அந்த 'டி' எங்கே போகிறது என்று கேட்பவர்கள் மர்ஃபியின் நீல அட்டை இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள். காதால் கேட்டால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பாடத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. 'யூஸ்டு டு' தெரியாமல் ஆங்கிலத்தில் பழைய நாட்களைப் பற்றி ஒழுங்காகப் பேச முடியாது. பயிற்சி மையக்காரர்களிடம் கேட்பதெல்லாம் இவ்வளவே. விடைக்கு இரண்டு 'யூஸ்டு டு', ஒரு 'வுட்', அதற்குமேல் போட்டால் அடித்துவிடுங்கள். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு கிழமையின் பெயர் வரவேண்டும், அந்தக் கிழமையில் யாராவது எதையாவது உடைக்கவோ தொலைக்கவோ வேண்டும். முடிந்தால் ஒரே ஒருவரையாவது சிகரெட்டை விடாமல் வைத்திருங்கள்.