விசா கேட்காத அயல்நாடு

கேள்வி: நேபாளத்தின் லும்பினியையும் காத்மாண்டுவையும் காண விரும்பும் இந்தியருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமா?

பதில்: கடவுச்சீட்டு என்பது ஒருவர் எந்நாட்டவர் என்பதற்கு அவருடைய நாடே அளிக்கும் சான்று, விசா என்பது அவர் செல்லவிருக்கும் நாடு அளிக்கும் நுழைவு இசைவு. இவ்விரண்டில் விசா இந்தியருக்கு நேபாளத்தில் தேவையே இல்லை. ஏனெனில் 1950 ஜூலை 31 அன்று காத்மாண்டுவில் கையெழுத்தான இந்திய-நேபாள அமைதி, நட்புறவு ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் வசிக்கவும், சொத்து வாங்கவும், வணிகம் செய்யவும், நடமாடவும் உரிமை தருகிறது. ஐயமும் முள்வேலியும் மிகுந்த தெற்காசியாவில் இத்தகைய திறந்த எல்லை உண்மையிலேயே போற்றத்தக்க அருஞ்செல்வமாகும்.

எல்லை ஊரான சுனௌலி வழியாகத் தரைமார்க்கமாக நுழைவோர் அடையாளச் சான்று ஒன்றை வைத்திருப்பது நலம். விமானப் பயணத்திற்கோ விதி கடுமையானது: 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்திய விமானம் கடத்தப்பட்டதை அடுத்து அடையாளச் சான்று கட்டாயமாக்கப்பட்டதால், கடவுச்சீட்டு அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை கையில் இருந்தாக வேண்டும். வங்கி முதல் ரேஷன் கடை வரை கோலோச்சும் ஆதார், 15 வயதுக்குக் குறைந்தோருக்கும் 65 வயதைக் கடந்தோருக்குமே இங்கு கைகொடுக்கும். வாக்குச்சாவடிக்காக மட்டும் பெட்டியிலிருந்து வெளிவரும் வாக்காளர் அட்டையோ கடவுச்சீட்டுக்கு நிகரான மதிப்பைப் பெறுகிறது.

விசா இல்லாமல் நுழையும் இவ்வுரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதால், உடன் பயணிக்கும் மலேசியத் தமிழ் உறவினர், வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை பெற்றவராயினும், விசா பெற்றே நுழைய வேண்டும்.