இலவசம் எதுவரை?

கேள்வி: கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும். வேர்ட்பிரஸ் இலவசம் என்கிறார்களே, நம்பி இறங்கலாமா?

பதில்: தாராளமாக இறங்கலாம். 2003-ல் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 'பி2' என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைபிரித்து உருவாக்கியது அது. இன்று உலக இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. மென்பொருளுக்குக் காசில்லை, டொமைன் என்னும் தள முகவரிக்கும் ஹோஸ்டிங் என்னும் சேமிப்பிடத்துக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும்.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு எழுதும் திரையையே மாற்றியது. பத்தி, படம் எல்லாம் தனித்தனி 'பிளாக்' ஆயின. பழகிய கைகள் தடுமாறின. பழைய எடிட்டரைத் திருப்பித் தரும் பிளகினை (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரலை) லட்சக்கணக்கான தளங்கள் நிறுவிக்கொண்டன. புதிதாக வருகிற உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, மறக்க எதுவுமில்லையே!

கவனம் வேண்டியது பிளகின்களில். கல்யாணத்துக்கு ஊரையே அழைத்தால் பந்தி தாங்காது. தேவையானதை மட்டும் வையுங்கள், பயன்படாததை நீக்குங்கள். ஊடுருவுவோர் பெரும்பாலும் நுழைவது, புதுப்பிக்காமல் விட்ட பிளகின் வழியாகத்தான். தளத்தின் நகலை வேறோர் இடத்திலும் சேமியுங்கள்.

தளத்தை ஒரே நாளில் திறந்துவிடலாம். வாரந்தோறும் உள்ளே போய்ப் பார்ப்பவருக்குத்தான் அது நிலைக்கும்.