அட்மாஸ் அண்ணன்

தேக்காவில் நாலு பேர் கூடித் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தால், பல்லியைத் தேடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே ஸ்பீக்கர் பதிக்கலாம் என்று இடம் பார்க்கிறார். அவர்தான் அட்மாஸ் அண்ணன்.

பார்த்ததும் நலம் விசாரிக்கமாட்டார். "உங்களுக்கு எவ்வளவு, 5.1-ஆ?" என்பார். ஸ்பீக்கர் கணக்கைச் சர்க்கரைக் கணக்கு என்று நினைத்து, "இல்லண்ணே, 7.2" என்று கவலையோடு சொன்ன ஒரு நண்பரை, அன்றிலிருந்து எழுந்து நின்று வரவேற்கிறார்.

2012இல் 'சிவாஜி 3டி', தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி அட்மாஸில் வந்தபோது பிடித்த பித்து. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பிடிஓ வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் அண்ணி அடுப்படி அலமாரிக்கு அளவெடுத்தார். அண்ணன் ஏணியில் ஏறினார். தரைக்கும் கூரைக்கும் சுமார் 2.6 மீட்டர். ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் 2.4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது வீவக விதி. மிச்சமுள்ள இருபது சென்டிமீட்டர்தான் அவருடைய ராஜ்யம். அதற்குள் வயர், நாலு ஸ்பீக்கர், ஒவ்வொன்றின் முதுகுக்கும் ஒரு பெட்டி.

"டவுன்லைட்டுக்கு ஓட்டை போடுற மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டார் கான்ட்ராக்டர். அவ்வளவுதான். பெட்டி இல்லாவிட்டால் பின்பக்கச் சத்தம் சீலிங்குக்குள்ளேயே சுற்றும், பலகை அதிரும், பேஸ் கெடும், மேல் வீட்டுக்கும் கேட்கும் என்று அரை மணி நேரப் பாடம். சனிக்கிழமைகளில் அடெல்ஃபியில் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு சிம் லிம் டவரில் கண்ணைத் திறந்து வயர் விலை கேட்பார்.

ஒருவழியாகப் பதித்து முடித்தார். விருந்துக்குக் கூப்பிட்டார். போனால் சோஃபாவில் ஓர் இடத்தில் மட்டும்தான் உட்காரலாம். சத்தம் அங்கேதான் சரியாகச் சேருமாம். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். காற்றாடிச் சத்தம் ஆகாது என்று அதையும் நிறுத்திவிடுவார்.

"பாட்டு போடுங்கண்ணே."

"இருங்க, முதல்ல மழை."

மழை பெய்தது. ஹெலிகாப்டர் பறந்தது. நமக்கு வேர்த்தது. பாட்டு என்று வந்தது பல்லவியில் பாதிதான். "இப்ப அந்தக் கஞ்சிரா எங்கேயிருந்து வந்துச்சு சொல்லுங்க?" என்று தேர்வு வைத்தார். "தஞ்சாவூர்லேருந்து" என்ற மாப்பிள்ளைக்கு இரண்டாம் முறை காப்பி இல்லை.

இத்தனைக்கும் வால்யூமைக் கால்வாசிக்கு மேல் திருப்ப முடியாது. அண்ணனுடைய கூரைதான் மேல் வீட்டுப் பாட்டியின் தரை. தியேட்டரையே வீட்டுக்குள் கொண்டுவந்தவர், யாராவது தும்மினால்கூட வசனம் போய்விடும் அளவில் படம் பார்க்கிறார்.

வீவக வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: மேலே ஆளே இல்லாவிட்டாலும் கோலிக்குண்டு உருளும் சத்தம் மட்டும் கேட்கும். அன்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாங்கள் செருப்பு மாட்டும் நேரத்தில் அது உருண்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! தலைக்கு மேலேயே உருளுதே தம்பி! இதுதான் சத்தம்!"

அண்ணன் ஒரு கணம் மேலே பார்த்தார். பிறகு அடக்கமாகச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் டியூன் பண்ணணும் மாமா."