ப்ளெத்தோரா தம்பி

“சார், டூ மினிட்ஸ்தான் சார்” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார் ப்ளெத்தோரா தம்பி. அப்போதே எனக்குத் தெரிந்துவிடும், இன்று ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் என்று. கையில் ஏ4 தாள் நாலு இருக்கும். கேட்டது 250 சொல், எழுதியது 412. அந்த 412-ஐ மூலையில் எழுதி வட்டம் போட்டிருப்பார். மொய் நோட்டைக் கூட்டி முடித்த தாய்மாமன் முகத்தில் தெரியும் நிறைவு அவர் முகத்திலும் இருக்கும்.

தாளை வாங்கினால் முதல் பத்தியிலேயே அது சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்: ‘எ ப்ளெத்தோரா ஆஃப்’. மிருகக்காட்சிசாலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாலும் ப்ளெத்தோரா. ரயிலுக்குச் செலவழிக்கலாமா, சாலைக்கா என்று கேட்டாலும் ப்ளெத்தோரா. ஏராளம் என்ற பொருளில் போடுகிறார். முற்காலத்து வைத்தியர்களிடம் அந்தச் சொல் ஒரு நோயின் பெயர். உடம்பில் ரத்தம் வேண்டாத அளவுக்குக் கூடிவிட்டது என்பார்கள். அட்டையை விட்டு உறிஞ்சவைப்பார்கள். தம்பியின் கட்டுரைக்கு வந்திருப்பதும் அதே நோய்தான். நான் சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்திருக்கும் கிழட்டு அட்டை.

சின்னச் சொல் என்றாலே அவருக்கு ஏழைச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. ‘யூஸ்’ வாசலோடு போய்விட வேண்டும். ‘யுடிலைஸ்’ வந்தால் உள்ளே பாய் விரிப்பார். ‘நவ்’ கிடையாது, ‘இன் திஸ் கன்டெம்பரரி எபோக்’தான். செல்போனில் ஏதோ செயலி வைத்திருக்கிறார். ஒரு சொல்லைப் போட்டால் பத்துச் சொல்லைக் கொட்டுகிறது. அதில் எது நீளமோ அதுவே மாப்பிள்ளை, ஜாதகப் பொருத்தமெல்லாம் பார்ப்பதில்லை. ‘முதியவர்கள்’ இப்படித்தான் ‘ஆன்டிக் பீப்பிள்’ ஆனார்கள். காவிரியில் தண்ணீர் இல்லை என்பது ‘த ரிவர் காவேரி இஸ் டிவாய்ட் ஆஃப் அக்வா’ ஆனது. அம்மாவைப் பெற்ற பாட்டியின் காலம் முடிந்ததைச் சொல்ல ‘முடிந்தது’ என்பதற்குச் செயலியைத் தட்டியிருக்கிறார். ‘மை கிராண்ட்மதர் வாஸ் டெர்மினேட்டட் இன் 2019’ என்று வந்து நின்றது.

“யாருப்பா செஞ்சது?” என்றேன்.

“சார்?”

“பாட்டியை. கேஸ் ஏதும் குடுத்தீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப ‘பெரிஷ்டு’ போடலாமா சார்?” என்று கேட்டார்.

இந்த ஆங்கிலத்துக்கு நம்மிடம் ஒரே ஒரு உறவுமுறைதான் உண்டு, கல்யாணப் பத்திரிகை. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி, சுபமுகூர்த்தமும் ஹோரையும் தாண்டி, தேதியையும் மண்டபத்தையும் நாம் தேடிப் பிடிக்கிறோம் அல்லவா? அங்கே கடைசியில் தேதியும் மண்டபமுமாவது இருக்கும்.

பாதிப் பழி தில்லைநகரில் ஒரு மாடிப் பயிற்சி மையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஓர் அச்சுத்தாள் தருகிறார்கள். உலகத்தில் உள்ள எல்லாத் தலைப்புக்கும் தைத்துவைத்த ஒரே சட்டை அது. கோடிட்ட இடத்தில் தலைப்பை நிரப்பினால் வேலை முடிந்தது. ஒரு நாள் அவசரத்தில் தம்பி நிரப்ப மறந்து, கோட்டையும் சேர்த்துப் பார்த்து எழுதிவிட்டார். ‘த இஷ்யூ ஆஃப் டேஷ் இஸ் எ டபுள் எட்ஜ்டு ஸ்வோர்டு’. இரண்டு பக்கமும் கூரானது, என்னவென்றுதான் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் எழுதியதில் அந்த ஒரு கட்டுரைதான் நேர்மையானது.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸை மூன்று முறை எழுதிவிட்டார். காதால் கேட்பதில் ஏழரை, படிப்பதிலும் பேசுவதிலும் ஆறரை, எழுதுவதில் ஐந்தரை. சராசரி ஆறரை பேண்ட். (அவருடைய அப்பாயிக்கு இந்தக் கணக்கு இன்னும் புரியவில்லை. “ஆறு பேண்ட்டு சரி, அந்த அரைப் பேண்ட்டை எங்கடா போட்டுக்கிட்டுப் போவ?” என்கிறார்.) அவர் போக நினைக்கும் கல்லூரி எந்தப் பிரிவிலும் ஆறுக்குக் குறையக்கூடாது என்கிறது. எனவே அந்த ஐந்தரைதான் வீட்டில் கல்யாண வயதைத் தாண்டிய பெண் மாதிரி எல்லோருடைய கண்ணையும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

எழுத்துக்கு மதிப்பெண் போடுவது நாலு பங்கு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாயா, ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோவையாகச் சொன்னாயா, சொல்வளம், இலக்கணம். நாலும் சமம். “சொல்லுக்குக் கால்பங்குதாம்ப்பா. மனப்பாடம் பண்ணினது திருத்துறவன் மூக்குக்கு உடனே தெரிஞ்சிடும்.” தலையை ஆட்டினார். மறுநாள் 430 சொல்.

சரி, பட்டியல்தானே வேண்டும் என்று நியூசிலாந்துக்குப் போனேன். வெலிங்டனில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர், கல்லூரிப் பாடநூல்களும் ஆய்வுக் கட்டுரைகளுமாகச் சுமார் 35 லட்சம் சொற்களைச் சலித்து, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களை 2000-இல் பட்டியல் போட்டுக் கொடுத்தார். கல்லூரிக்குப் போகிற வேறு மொழிக்காரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிற இடமெல்லாம் அது சுற்றுகிறது. அதை எடுத்துக் கொடுத்தேன். அனலைஸ், அஸ்யூம், பெனிஃபிட், டேட்டா, டிஃபைன் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனவர் முகம், நகைக்கடை என்று நுழைந்து பாத்திரக்கடையில் நிற்கிறவர் முகம் மாதிரி ஆனது.

“இதெல்லாம் ஸ்கூல்லயே தெரியுமே சார். பெரிய வார்த்தை லிஸ்ட் இல்லையா?”

கடைசி அஸ்திரமாக டேனியல் ஆப்பன்ஹைமரை விட்டேன். அமெரிக்க உளவியல் பேராசிரியர். தேவையில்லாமல் நீளச் சொல் போடுகிற எழுத்தாளனை வாசகன் அறிவாளியாக நினைக்கிறானா என்று சோதித்துப் பார்த்தவர். எளிய சொற்களை எடுத்துவிட்டு அகராதியிலிருந்து நீளமானவற்றை வைத்தால், எழுதியவனின் அறிவைப் பற்றிய மதிப்பு இறங்குகிறது என்று 2006-இல் வெளியிட்டார். கட்டுரையின் தலைப்பையே கிண்டலாக, வாயில் நுழையாத நீளச் சொற்களால் கோத்திருந்தார். சிரிக்கவைத்துவிட்டுச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசும் அதே ஆண்டு அவருக்குக் கிடைத்தது. அந்தத் தலைப்பை நான் நிறுத்தி, ரசித்து வாசித்துக் காட்டினேன்.

தம்பி நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். “செம ஃப்ரேஸ் சார் இது. எதுல வேணா போடலாம்.”

அன்றைக்கே விட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பென்ஷன் நேர்காணலுக்கு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான். கேஸ் சிலிண்டர் மாற்றுவதும் அவர்தான். ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. செல்போனிலும் சார்ஜ் இல்லை. இருட்டில் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். துவாக்குடியில் அப்பா நடத்தும் லேத் பட்டறையைப் பற்றிச் சொன்னார். நன்றாக இருந்தது. “இதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதுப்பா” என்று மெழுகுவத்தியை நகர்த்திவைத்தேன். எழுதினார். அப்பாவிடம் ஒரு லேத் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணி வரை சத்தம் போடும். சத்தம் நின்றதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். இவ்வளவுதான். இரண்டு இடத்தில் ‘எ’ இல்லை, ஒரு ‘எஸ்’ விழுந்திருந்தது. மற்றபடி நான் வகுப்பெடுத்த காலத்தில் இப்படி மூன்று வாக்கியம் எந்த விடைத்தாளிலும் படித்ததில்லை. சொன்னேன். வெட்கப்பட்டார்.

மறுநாள் கரண்ட் இருந்தது. சார்ஜும் இருந்தது. “இம்ப்ரூவ் பண்ணியிருக்கேன் சார்” என்று நீட்டினார். அப்பா ‘பேட்டர்னல் ஆன்சிஸ்டர்’ ஆகியிருந்தார். அம்மா தோசைக்கல்லை வைக்கவில்லை, ‘கமென்சஸ் குலினரி ஆக்டிவிட்டீஸ்’. இருந்த ஒரே ஒரு லேத்தும் ‘எ ப்ளெத்தோரா ஆஃப் மெஷினரி’ ஆகியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை அவர் மேல் காட்ட முடியவில்லை. பள்ளியில் பன்னிரண்டு வருஷம் பாராகிராஃபை உருப்போட்டவர். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு கேள்வித்தாளும் அவரைக் கேட்டதில்லை. பிறகு கல்லூரி. அங்கே என்னைப் போல ஒருவன் இருந்தான். எழுபது பேர் வகுப்பில் நானும் நோட்ஸ் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள். சொந்தமாக எழுதுகிறவன் தாளைத் திருத்தக் கால்மணி நேரம் ஆகும். நோட்ஸை ஒப்பித்தவனுக்கு ஒரு டிக், அரை நிமிஷம். மேஜையில் கட்டு கட்டாகத் தாள் கிடக்கும்போது எவனை எனக்குப் பிடித்திருக்கும்? ‘நோட்ஸில் இல்லை’ என்று சிவப்பில் எழுதி மார்க்கைக் குறைத்திருக்கிறேன். ஒரு முறை இல்லை. இப்போது அந்தப் பழக்கத்தைப் போக்க, தேர்வுக் கட்டணமாகத் தடவைக்கு 15,000 ரூபாய்க்கு மேல் துவாக்குடியில் ஒரு லேத் ராத்திரி ஒன்பது மணி வரை சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறது.

நாலாவது முறைக்குப் பணம் கட்டியாயிற்று. நேற்றும் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தாளை வாங்கினேன். 268 சொல். முதல் பத்தியை இரண்டு தரம் படித்தேன், ப்ளெத்தோரா இல்லை. நெஞ்சு கொஞ்சம் நெகிழ்ந்தது. இரண்டாவது பத்திக்குப் போனேன்.

‘எ மிரியட் ஆஃப்’ என்று இருந்தது.