மருமவனுக்கு ஒரு சாக்கெட்டுப் பாடம்

என்ன மருமவனே, சோதனையெல்லாம் பச்சைப் பசேல்னு வந்துட்டாம்லா? மவராசன்! அப்புறம் எதுக்குலே சர்வர் மட்டும் 502-ன்னு மூஞ்சில துப்புது?

நீ உன் லேப்டாப்புல 8000-ம் போர்ட்டைத் தட்டிப் பாத்த. அங்க என்ஜின்எக்ஸு யூனிக்ஸ் சாக்கெட்டு வழியால்லா கூனிகார்னைத் தேடிப் போவுது. வாசக்கதவு தொறந்துச்சுன்னு புழக்கடைக்குச் சத்தியம் பண்ணுத ஆளு நீ. சாக்கெட்டு ஒரு ஃபைலாக் கெடக்கும். லினக்ஸ்ல அதுல எழுத உரிமை இல்லாதவன் இணைய முடியாது. போற வழியில உள்ள ஃபோல்டருக்கெல்லாம் நொழைய உரிமையும் வேணும். நீயோ அதை உன் ஹோம் ஃபோல்டருக்குள்ள பதுக்கி வச்சிருக்க. எரர் லாக்கைத் தொற, 13, பெர்மிஷன் டினைடுன்னு எழுதியிருக்கும். அதைப் படிக்க நேரமில்ல, 777 போட மட்டும் கை பரபரங்குது.

சாக்கெட்டையே நேராத் தட்டிப் பாக்க கர்ல்ல 2015-லயே ஒரு ஆப்ஷன் வச்சாச்சு. யூனிக்ஸ்-சாக்கெட்டுன்னு போட்டு, ஃபைல் இருக்கிற பாதையைக் குடுத்து, பின்னால முகவரியைப் போடு. முகவரியில என் பேரையே போட்டாலும் இணைப்பு சாக்கெட்டுக்குத்தான் போவும். ஆனா அந்தப் பேரு ஹோஸ்ட் ஹெட்டர்ல ஏறி உக்காந்துக்கும். ஜாங்கோவுல அனுமதிச்ச பட்டியல்ல அது இல்லன்னா 400-ன்னு விரட்டும். சாக்கெட்டு மேல பழி போடாத.

முக்கியமானதைக் கேளு. சூடோ போட்டு ஓட்டிட்டு, ‘மாமா, வந்துட்டு’ன்னு குதிக்காத. ரூட்டை எவன் தடுத்தான்? என்ஜின்எக்ஸு எந்தப் பயனர் பேருல ஓடுதோ, அந்தப் பேருல கர்லை ஓட்டிக் காட்டு, அப்ப ஒத்துக்கிடுதேன்.

எரர் லாக்குல ‘நோ சச் ஃபைல்’னா ஃபைலே இல்ல. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ன்னா, ஃபைல் கெடக்கு, கேக்கத்தான் ஆளில்ல, செத்துப்போன புரோகிராம் விட்டுட்டுப் போனது. அதைத் தானே அழிச்சுக்கிடாத புரோகிராமா இருந்தா, மறுபடி தொடங்குறப்ப ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’னு அழும்.

சாக்கெட்டுப் பாதையும் நீளக் கூடாது. லினக்ஸ்ல 108 பைட்டு, மேக்ல 104. நீ ஃபோல்டருக்கெல்லாம் குலதெய்வத்துல ஆரம்பிச்சுப் பேரு வைக்கிறவன். தமிழ்ல வச்சா உயிர்மெய்யில முக்காவாசி ஆறு பைட்டைத் தின்னுடும்.

டாக்கர் சாக்கெட்டையும் தட்டிப் பாக்கணுமா? பிங்குன்னு கேளு, ஓகேங்கும். அதோட நிறுத்து. அதைத் தொட்டவனுக்கு ரூட்டு அதிகாரம்லா? ஓடுத கண்டெய்னரை அழிச்சுத் தொலைச்சேன்னா, உங்கம்மைகிட்ட நான்தாம்லே பதில் சொல்லணும்.