இரும்புப் புருவம்

அமெரிக்காவில் 1947 முதல் 1953 வரை வெளிவந்த செவ்ரலே பிக்கப் வண்டிகளைப் பழமை மாறாமல் புதுப்பிப்போரில் பலர், கூரையின் நெற்றியிலிருந்து முன்கண்ணாடிக்கு மேலே நீளும் ஒரு தகட்டுத் தாழ்வாரத்தை, அதாவது வெளிப்புற வெயில்மறைப்பை, மாட்டாதவரை பணி முடிந்ததாகக் கருதுவதில்லை. இரு பக்கமும் மழைநீர் வடியும் விளிம்பைக் கவ்விகளால் பற்றி, நடுவே இரட்டைக் கண்ணாடியைப் பிரிக்கும் சட்டத்தில் ஊன்றி நிற்கும் இத்தகடு வெயிலை மறைப்பது உண்மையே. ஆயினும், தலைக்கு மேல் தொங்கும் போக்குவரத்து விளக்கையும் அது பாரபட்சமின்றி மறைத்துவிடுவதால், ஒளியைத் திசைமாற்றி விளக்கின் நிறத்தைக் கீழே காட்டும் பட்டகம் எனும் வரிவரியான துண்டொன்றை வாங்கி, டேஷ்போர்டின்மேல் வைக்கும் வழக்கமும் அக்காலத்திலேயே உடன்பிறந்தது. ஒரு துணைக்கருவி கெடுத்த பார்வையை இன்னொன்றை விற்றுத் திருத்தும் இவ்வணிகம், கண்மருத்துவம் எட்டாத நுட்பமாகும். விரைந்து ஓட்டினால் காற்று அடியில் புகுந்து தகட்டைத் தூக்கப் பார்க்கும் என்பது (பறக்க விரும்பும் வண்டிக்கு) கூடுதல் வசதி. இத்தனை ஏற்பாடும் கொண்ட இவ்வண்டிகளுள் பல, வண்ணம் மங்கிவிடுமென்று, ஆண்டின் பெரும்பகுதியைக் கொட்டகைக்குள் போர்வைக்கடியில் கழிக்கின்றன.