ஐம்பதில் ராப், எண்பதில் சிம்பொனி

அமெரிக்க ராப்பர் எல்.எல். கூல் ஜே 56 வயதில் புது ராப் ஆல்பம் போட்டாராம், "இந்த வயசிலயுமா?" என்று வியக்கிறார்கள். எங்கள் பண்ணைப்புரத்து இளையராஜா 81 வயதில், 2025 மார்ச்சில், லண்டனில் சிம்பொனியையே அரங்கேற்றிவிட்டார். கம்பம் பள்ளத்தாக்கே பூரித்தது. பூரித்ததோடு சரி! குமுளி பஸ்ஸில் ஓடுவது இன்றும் அவருடைய எண்பதுகளின் பாட்டுகள்தான்.

அல்லிநகரத்து பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா போட்ட 'மடை திறந்து' பாட்டை மலேசிய யோகி பி 2006இல் ராப்பாக்கினார். "நாசமாக்கிட்டான்" என்று அன்று காதைப் பொத்திய அண்ணாச்சிகள் இன்று டீக்கடையில், "ராப்புன்னா அதுதான்யா, இப்ப வர்றதெல்லாம் வெறும் இரைச்சல்" என்கிறார்கள். ஆக, யோகி பியும் பழம்பெரும் கலைஞராகிவிட்டார். இனி அவர் என்ன புதுசு போட்டாலும், அந்தப் பழசைத்தான் கேட்பார்கள்.